ஆடிக் காற்றில் ஒரு குடியேற்றம்

கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்டங்களைப் பற்றியே பேசுவார்கள். ஒன்று, முட்டை பொரிந்து குஞ்சு வெளிவருகிற அற்புதம்; மற்றொன்று, வளர்ந்த கோழி முட்டையிட்டுக் குடும்பத்துக்கு நாலு காசு வருமானம் தரத் தொடங்குகிற பாக்கியம். இவ்விரண்டுக்கும் நடுவே, விளக்கின் சூட்டில் வளர்ந்த இளங்குஞ்சுகளை அந்தச் சூட்டிலிருந்து மெல்லப் பிரித்து, காற்றும் வெயிலும் இருளும் உள்ள வெளிக்கூட்டுக்குக் குடிமாற்றுகிற சில வாரங்களைப் பற்றி யாரும் அதிகமாகச் சொல்வதில்லை. ஆனால் வளர்ப்பவருடைய சிரத்தை முழுமையாகப் பரீட்சிக்கப்படுவது அந்தச் சில வாரங்களில்தான் என்பதை, என் பால்யத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் நான் கண்கூடாகக் கண்டேன்.

1960களின் தொடக்க வருஷங்கள் அவை. தாராபுரத்துக்கு மேற்கே, கிளுவை வேலிகளும் வெள்வேல மரங்களும் நிறைந்த மேய்ச்சல் காடுகளுக்கு நடுவே எங்கள் பூர்விகத் தோட்டம் இருந்தது. 1932ஆம் வருஷம் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதன் பலனாகக் கோயமுத்தூர் ஜில்லாவின் கிணறுகளுக்கு ஒவ்வொன்றாக மின்சார மோட்டார் வந்துகொண்டிருந்தது. எங்கள் கிணற்றுக்கும் வந்து, அங்கிருந்து ஒரு கம்பி வீட்டின் பின்புறச் சாய்ப்பு வரையில் நீண்டிருந்தது. 1952ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று ஆரம்பிக்கப்பட்ட சமுதாய அபிவிருத்தித் திட்டத்தின் கிராம சேவக் ஒருவர் அடிக்கடி சைக்கிளில் எங்கள் பக்கம் வருவார். அவர் கொடுத்த உற்சாகத்தினால் என் சித்தப்பா, நாட்டுக்கோழிகளோடு நில்லாமல், வெள்ளை லெகார்ன் குஞ்சுகளை வாங்கி வளர்ப்பது என்று தீர்மானித்தார். அந்த வைகாசியின் கடைசியில், பக்கமெங்கும் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி ஒன்று பஸ் கூரையில் ஏறாமல், சித்தப்பாவின் மடியிலேயே பிரயாணம் செய்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பொரிந்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் இருந்து இரண்டொரு நாள் அதைப் போஷிக்கும். அவ்வளவு தூரப் பிரயாணத்தை அவை தீனியின்றித் தாங்கியது அதனால்தான்.

கோழி விஷயத்தில் எங்கள் வீட்டில் அதிகாரம் முழுவதும் அப்பத்தாவுடையது. அவள் காலமெல்லாம் நாட்டுக்கோழிக்கு அடை வைத்து, இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கச் செய்து, தாயையும் பிள்ளைகளையும் கொடாப்பில் கவிழ்த்துக் காப்பாற்றிப் பழகியவள். சாணமும் ஈரச் சாக்குத் துணியும் திணித்த பழைய பானையைக் காட்டில் கறையான் உள்ள இடம் பார்த்து இரவில் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் அதில் ஏறியிருக்கும் கறையான்களைக் குஞ்சுகளுக்கு உதிர்த்துவிடுவது அவளுடைய நித்திய கருமங்களில் ஒன்று. ஆனால் அவள் முறையில் மனுஷருடைய வேலை சொற்பம். மிச்சமெல்லாம் தாய்க்கோழியின் வேலை. எதைக் கொத்துவது, எப்போது இறக்கைக்குள் ஒளிவது, அந்தி சாய்ந்ததும் எங்கே அடைவது என்பதையெல்லாம் தாயே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கற்பித்துவிடும். பெட்டியில் வந்த குஞ்சுகளுக்கோ தாய் கிடையாது. இத்தாலியில் தோன்றி, அமெரிக்காவுக்குப் போய், முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லெகார்ன் ஜாதியில் அடை காக்கும் சுபாவமே ஏறக்குறைய அற்றுவிட்டது. இயந்திரத்தில் பொரிந்த அந்தக் குஞ்சுகளின் தாய்க்கும் அடை காக்கத் தெரிந்திருக்காது. பெட்டியைத் திறந்து பார்த்த அப்பத்தா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தாயில்லாப் புள்ளைக, இனி நாமதான் கண்ணு தாய்க்கோழி" என்றாள். அந்த வாக்கியம் அன்று முதல் எங்கள் வீட்டின் சட்டமாயிற்று.

சாய்ப்பில் அடைகாப்பான் தயாராயிற்று. பெரிய மூங்கில் கூடை ஒன்றைச் சாணமிட்டு மெழுகிக் காயவைத்து, அதன் உட்புறம் மின்சாரப் பல்புகளைப் பொருத்தி, தரையிலிருந்து சிறிது உயரத்தில் கவிழ்ந்தாற்போல் தொங்கவிட்டார் சித்தப்பா. அதைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்தில் தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தினார். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும் என்பதனால் வட்டம். தரையில் நெல் உமி பரப்பி, முதல் சில நாட்களுக்கு உமியைத் தீனியென்று கொத்திவிடாதபடி அதன்மேல் காகிதம் விரிக்கப்பட்டது. முதல் வாரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்று கிராம சேவக் சொல்லியிருந்தார். உஷ்ணமானியும் ஒன்று தொங்கியது. ஆனால் அப்பத்தா அதைப் பார்த்ததேயில்லை. அவள் குஞ்சுகளைப் பார்த்தாள். அவை பல்புக்குக் கீழே குவிந்து கீச்சிட்டால் குளிர். விலகித் தகரத்தோடு ஒட்டி வாய் பிளந்து இரைத்தால் சூடு. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் எங்கோ இடுக்கு வழியாகக் காற்று வருகிறது. வட்டமெங்கும் பரவி, சில தின்ன, சில உறங்க, சில ஓடினால் எல்லாம் க்ஷேமம். மின்சாரம் நின்றுபோன இரவுகளில் அரிக்கன் விளக்கை ஏற்றிக் கூடைக்குள் தொங்கவிட்டு, அது மறுபடி வரும்வரையில் அவள் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு விழித்திருப்பாள்.

நாள் செல்லச் செல்லக் குஞ்சுகளின் மேனி மாறியது. முதலில் இறக்கையின் ஓரத்தில் இறகு முளை விட்டது, பிறகு வால், பிறகு முதுகும் மார்பும். பிறந்தபோது இருந்த மஞ்சள் பூம்பஞ்சு உதிர்ந்து, வெண்மையான மெய்யிறகு அந்த இடத்தைப் பிடித்தது. பஞ்சு குளிரைத் தாங்காது, இறகுதான் தாங்கும். ஆகையால் சூட்டை விலக்குவதற்குரிய காலத்தைச் சொல்வது பஞ்சாங்கமல்ல, குஞ்சின் மார்பும் கழுத்துமே. சித்தப்பா கூடையின் கயிற்றை வாரந்தோறும் கொஞ்சம் உயர்த்தினார். பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதலில் பகலில் விளக்கில்லாமலும், பிறகு முன்னிரவிலும், கடைசியில் விடியற்காலக் குளிர் நேரம் தவிர மற்றெப்போதும் விளக்கில்லாமலும் பழக்கினார். அப்பத்தாவுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. நாட்டுக்கோழியும் இதைத்தானே செய்கிறது என்றாள். குஞ்சு சிறியதாக இருக்கும்வரையில் பருந்தையே எதிர்த்துப் பாய்கிற தாய், அது இறகு கட்டியதும் மெல்ல மெல்ல விலக்கி, பிறகு அருகே வந்தால் கொத்தி விரட்டவும் செய்யும். பார்க்கிறவர்களுக்கு அது கொடுமையாகத் தோன்றும். உண்மையில் தாயன்பின் கடைசிக் கடமை அது. தன் சூடு இல்லாமலே பிள்ளை வாழும்படி ஆக்குவதுதான் சூடு கொடுத்ததன் பிரயோஜனம். அதைக் கிரமமாகச் செய்வது தர்மம். ஒரே நாளில் செய்வது கைவிடுதல்.

இதற்கிடையில் வெளிக்கூடு எழும்பிக்கொண்டிருந்தது. கூட்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கவேண்டும், அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக உள்ளே பாயாது என்று சித்தப்பா நிச்சயித்தார். ஓரடி உயரத்துக்குக் கல்சுவர், அதற்குமேல் கம்பிவலை, மேலே தென்னங்கீற்றுக் கூரை. வலையைத் தரையோடு நிறுத்தாமல் ஓரடி ஆழம் மண்ணுக்குள்ளும் இறக்கினார். பெருச்சாளியும் கீரியும் கீழே பறித்துக்கொண்டு வரும் வழியை அது அடைக்கும். மரநாய்க்கும் காட்டுப்பூனைக்கும் பயந்து கதவுக்கு இரட்டைத் தாழ் போட்டார். கூட்டின் நான்கு மூலைகளிலும் வைக்கோல் திணித்து வளைவாக்கினாள் அப்பத்தா. கூட்டுக்குரிய நிலத்தைத் தேர்ந்தவளும் அவளே. வீட்டு நாட்டுக்கோழிகள் காலங்காலமாகக் கிளறுகிற குப்பைமேட்டை விட்டு வெகுதூரம் தள்ளி, கோழிக்காலே படாத மேட்டு நிலமாக அவள் காட்டினாள். இரத்தக் கழிச்சல் நோய் ஈரமான கூளத்திலும் பழைய எச்சம் விழுந்த மண்ணிலும் இருந்து இளங்குஞ்சுகளைத்தான் அதிகமாகப் பீடிக்கிறது என்று பிற்காலத்தில் நான் படித்தபோது, அந்த மேட்டு நிலம் என் நினைவுக்கு வந்தது.

ஆனி முடியும் சமயத்தில் சாய்ப்பில் இட நெருக்கடி உண்டாயிற்று. வந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கிய குஞ்சுகள் இப்போது புறா அளவுக்கு வளர்ந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வால் இறகைக் கொத்தத் தொடங்கின. நெருக்கம் கொத்துக்குக் காரணம். ஒரு துளி இரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையெல்லாம் அந்த இடத்தையே கொத்தும். "எடம் பத்தலீங்க ஆத்தா, நாளைக்கே மாத்திரலாம்" என்றார் சித்தப்பா. அப்பத்தா இசையவில்லை. "ஆடியில மனுசனே குடி போகமாட்டான் தம்பி, இதுகளைக் கொண்டுபோய் வெக்கலாமா?" என்று கேட்டாள். அது வெறும் சம்பிரதாயப் பேச்சென்று சித்தப்பா ஒதுக்கிவிடவில்லை. அவளுடைய கவலை காற்றைப் பற்றியது என்பது அவருக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடி மாதங்களில் எங்கள் சீமையில் வீசுகிற மேல்காற்று சாமானியமானதல்ல. மழையை மலைக்கு அந்தப்புறத்திலேயே விட்டுவிட்டு, வெறுங்காற்றாக இரவு பகல் ஓயாமல் அடித்து, கூரைக் கீற்றைப் பிய்த்தெடுத்துவிடும். உலர்ந்த குளிரைத் தாங்குகிற இளங்கோழிகூட, உறங்கும்போது மேனியில் நேராகப் பாயும் காற்றைத் தாங்காது.

கடைசியில் இருவருக்கும் சம்மதமான வழி ஒன்று ஏற்பட்டது. கூட்டின் மேற்குப் பக்கத்தையும் தென்மேற்கு மூலையையும் ஆள் இடுப்பளவுக்குத் தென்னந்தடுக்கும் சாக்கும் வைத்து அடைத்தார்கள். அதற்குமேல் மூடாமல் விட்டார்கள். முழுவதும் மூடினால் எச்சத்திலிருந்து கிளம்பும் நெடி உள்ளேயே நின்று கண்ணையும் சுவாசத்தையும் கெடுக்கும். தலைக்குமேல் காற்று ஓடவேண்டும், தூங்குகிற பறவைமேல் ஓடக்கூடாது. சாய்ப்பில் எரிந்த பல்பு ஒன்றையே புதுக் கூட்டிலும் தொங்கவிட ஏற்பாடாயிற்று. சாய்ப்பிலிருந்த தீனித்தொட்டிகளும் தண்ணீர்ப் பாத்திரங்களுமே அங்கே போகவேண்டும், பழைய கூளத்தில் உலர்ந்ததாகப் பார்த்து இரண்டு கூடை அள்ளிப் புது உமிமேல் தூவவேண்டும், தீனியை அந்த வாரத்தில் மாற்றவே கூடாது என்று அப்பத்தா விதித்தாள். இடம் ஒன்றைத்தான் புதிதாக்கலாம். மற்றதெல்லாம் பழகியதாகவே இருக்கவேண்டும் என்பது அவள் சித்தாந்தம்.

தடுப்பூசி விஷயத்திலும் இதே நிதானம் அனுசரிக்கப்பட்டது. வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய், இந்தியாவில் முதன்முதலாக 1927ஆம் வருஷம் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெத்தில் கண்டறியப்பட்டு, அவ்வூர்ப் பெயரையே தாங்கி நிற்பது. அது ஒரு கிராமத்தில் புகுந்தால் கூடுகள் அடியோடு காலியாகிவிடும். அப்படிக் காலியான வருஷங்களை அப்பத்தா தன் பிள்ளைகள் பிறந்த வருஷங்களைப் போலவே ஞாபகத்தில் வைத்திருந்தாள். முக்தேஸ்வரத்து ஆராய்ச்சி நிலையத்தார் 1940களில் உருவாக்கிய தடுப்பு மருந்து அப்போது கால்நடை ஆஸ்பத்திரிகளில் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆறு முதல் எட்டு வார வயதுக்குள் இறக்கையில் போடவேண்டிய ஊசி அது. குஞ்சுகள் புதுக் கூட்டில் நன்றாகத் தின்று உறங்கத் தொடங்கிய பிறகு வந்து போடுகிறேன் என்று கால்நடை உதவியாளர் ஒப்புக்கொண்டு, அப்படியே பனிக்கட்டி இட்ட தெர்மாஸ் குடுவையோடு பின்னால் வந்து போட்டுவிட்டுப் போனார். இடமாற்றத்தின் கலக்கமும் ஊசியின் சோர்வும் ஒன்றாகச் சேரவிடாதது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதை, அனுபவப்பட்ட கோழி வளர்ப்பாளர் எவரும் ஒப்புக்கொள்வர்.

ஆடி பிறந்த பிறகு, காற்று சற்றுத் தணிந்திருந்த ஒரு காலையில் குடியேற்றம் நடந்தது. மாலையில் மாற்றலாமே என்று அண்டை வீட்டார் சொன்னார்கள்; பகலெல்லாம் வெளிச்சத்தில் தண்ணீர் எங்கே, தீனி எங்கே, சுவர் எங்கே என்று கண்டுகொண்டால்தான் இரவில் கலங்காது என்று சொல்லி அப்பத்தா காலையையே பிடிவாதமாகத் தேர்ந்தாள். இரண்டு கால்களையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதற்கு யாருக்கும் அனுமதியில்லை. மார்பை உள்ளங்கையில் தாங்கி, இறக்கைகளைப் பக்கத்தோடு அணைத்து, இரண்டு இரண்டாகக் கொடாப்பில் வைத்து, குழந்தைகளாகிய நாங்கள் சாய்ப்புக்கும் கூட்டுக்குமாக நடந்தோம். புதுக் கூட்டில் இறங்கியவுடன் அவை ஓடவில்லை. கழுத்தை நிமிர்த்தி, ஒரு கண்ணால் கூரையையும் மறு கண்ணால் தரையையும் பார்த்தபடி அசையாமல் நின்றன. வலை வழியாக வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. நேர் வெயிலை அதுவரை அறியாத அவற்றில் துணிச்சலான ஒன்று முதலில் அந்த வெயிலுக்குள் அடியெடுத்து வைத்தது. சற்று நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு காலையும் ஒரு இறக்கையையும் நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தது. இறந்துவிட்டதோ என்று நான் பதறினேன். வெயில் காய்கிறது என்று அப்பத்தா சொன்னாள். யாரும் கற்பிக்காமலே அதற்கு அது தெரிந்திருந்தது.

ஆனால் அந்தியில் என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியவில்லை. பகல் முழுவதும் உற்சாகமாகக் கிளறிய குஞ்சுகள், வெளிச்சம் மங்க மங்கக் கூக்குரலிட்டுக்கொண்டு, பல்பின் கீழே கூடத் தோன்றாமல், தடுக்கு அடைத்த பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியத் தொடங்கின. ஆபத்து உள்ள நாழிகை இதுதான். குவியலின் அடியில் அகப்பட்டது மூச்சுத் திணறிச் சாகும். காலையில் பார்க்கும்போது காயம் ஒன்றும் இராது. எங்களைப் போலவே குஞ்சு வாங்கியிருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், மாற்றிய முதல் இரவில் கதவைத் தாழிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். மறுநாள் அவர் கூட்டின் மூலையிலிருந்து கூடை நிறைய அள்ளவேண்டியிருந்தது. அன்றைக்கு அப்பத்தா, சித்தப்பா, நான் மூவரும் கூட்டுக்குள் நுழைந்து, குவியலைக் கலைத்து, ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, ஓரடி உயரத்தில் கட்டியிருந்த மரச்சட்டத்தில் வரிசையாக உட்காரவைத்தோம். சிலது உடனே குதித்தது; மறுபடி எடுத்து வைத்தோம். நன்றாக இருட்டியபின் அவை குதிக்கவில்லை. கோழிக்கு இருளில் கண் தெரியாது, வைத்த இடத்திலேயே இருக்கும். உட்கார்ந்தவுடன் அதன் காலின் நரம்பு தானாக இழுபட்டு விரல்கள் சட்டத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகையால் உறங்கினாலும் விழாது. மரக்கிளையில் இரவைக் கழித்த காட்டுக்கோழியின் வம்சமல்லவா? கால் அதை மறக்கவில்லை. கிளையைக் காட்டிக் கொடுக்கும் தாய்தான் இல்லாமற்போயிற்று.

அந்தக் காட்டிக்கொடுப்பை நாங்கள் ஒவ்வொரு அந்தியிலும் செய்தோம். விளையாட்டை விட்டுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது எனக்கிடப்பட்ட கட்டளை. வெளியே காற்று ஓலமிட்டு அடிக்கும். உள்ளே அப்பத்தா ஒரே தொனியில், "பா, பா" என்று கூப்பிட்டுக்கொண்டே எடுத்து வைப்பாள். நாளாக ஆக எடுத்து வைக்கவேண்டியவை குறைந்தன. முதலில் சில தாமாக ஏறின; அவற்றைப் பார்த்து மற்றவையும் ஏறின. பல்பை மங்கலாக்கி, பிறகு அணைத்தே விட்டார் சித்தப்பா. ஓர் அந்தியில் நாங்கள் போய்க் கதவைத் திறந்தபோது, தரையில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சட்டங்களில் வெள்ளை வெளேரென்று வரிசையாக அமர்ந்து, எங்களைக் கண்டு லேசாகக் கெக்கரித்து, மறுபடி கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டன. அப்பத்தாவின் முகத்தில் அப்போது தோன்றிய திருப்தியை, பிற்காலத்தில் பேரப்பிள்ளைகள் பரீட்சையில் தேறி வந்தபோதுதான் மறுபடி கண்டேன்.

அதற்குப் பிறகே கூட்டின் கதவு பகலில் திறக்கப்பட்டது. கூட்டைத் தங்கள் வீடென்று அறிந்துகொள்ளாத குஞ்சை வெளியே விட்டால், அந்தியில் அது கிளுவை வேலிக்குள் போய் ஒண்டும். மரநாய் அதைத் தேடி வரும். எங்கள் குஞ்சுகளோ, மாலை வெயில் சாய்வதற்கு முன்னமே கூட்டைச் சுற்றி வந்து சேர்ந்தன. பருந்தின் நிழல் தரையில் ஓடினால் அவை அப்படியே பதுங்கின. பதுங்குவது பிறவிக் குணம், ஆனால் கூட்டுக்குள் ஓடி ஒளிவது அவை பழகிக் கற்றது. புரட்டாசி மழை பெய்து காடெல்லாம் பசுமை காட்டியபோது, அந்தக் குஞ்சுகள் கொண்டை சிவக்கும் பருவத்தை நெருங்கிவிட்டன. தை மாதத்துக்குள் எங்கள் வீட்டில் முட்டைக்குப் பஞ்சமில்லை.

இன்று கோழி வளர்ப்பு பெருந்தொழிலாகிவிட்டது. நாமக்கல் வட்டாரத்தில் மட்டுமே எண்ணற்ற பண்ணைகள் நடக்கின்றன, அங்கே உஷ்ணமும் வெளிச்சமும் இயந்திரங்களால் கணக்கிடப்படுகின்றன. அதே சமயம், புறக்கடையில் நாலு கோழி வளர்க்கவேண்டும் என்ற ஆசை மறுபடி வீடுகளில் துளிர்த்திருப்பதையும் காண்கிறேன். குஞ்சு விற்கிறவர்கள் தீனியைப் பற்றிச் சொல்வார்கள், மருந்தைப் பற்றிச் சொல்வார்கள்; அந்தியைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். ஆகையால் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: மார்பிலும் கழுத்திலும் இறகு நிறைவதற்குமுன் சூட்டை எடுத்துவிடாதீர்கள், நிறைந்த பிறகு சூட்டிலேயே வைத்துக் கெடுக்காதீர்கள். கூட்டை மாற்றுகிற வாரத்தில் வேறெதையும் மாற்றாதீர்கள். காலையில் மாற்றுங்கள், சில நாட்கள் கூட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவை தாமாகச் சட்டத்தில் ஏறி அமரும்வரையில் உங்கள் மாலை வேளைகளை அவற்றுக்குக் கொடுங்கள். இயந்திரம் முட்டையைப் பொரிக்கும், மின்சாரம் சூட்டைத் தரும். அந்தியில் குஞ்சை எடுத்துக் கிளையில் வைக்க இன்னும் ஒரு மனுஷக் கைதான் வேண்டியிருக்கிறது.